விகிதம் ஏறி இறங்கும், கட்டணம் ஏறும்: தேக்காவில் ஒரு பணமாற்றுக் கடை

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் தேக்கா என்று அழைக்கும் வட்டாரத்தில், சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பூக்கடைக்கும் கைப்பேசிக் கடைக்கும் நடுவே, ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கு மேல் நிற்க முடியாத ஒரு பணமாற்றுக் கடை இருக்கிறது. ஊரிலுள்ள தம்பியின் கணக்குக்கு, அம்மாவின் மருந்துச் செலவையும் வீட்டுச் செலவையும் சேர்த்து, ஏழு ஆண்டுகளாக மாதந்தோறும் நான் பணம் அனுப்பிவருவது அந்தக் கடை மூலமாகத்தான். அதைப் பற்றி நல்லது சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால், கடையின் கண்ணாடித் தடுப்பில் ஒட்டியிருக்கும் ஒரு வரித் தமிழ் அறிவிப்பைப் பற்றிப் பேசாமல் அந்த நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. "பணமாற்று விகிதமும் சேவைக் கட்டணமும் ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டவை" என்பதே அந்த வரி. குறையும் சொல்லப்போவதால் கடையின் பெயரை எழுதவில்லை.

முதலில் கடை. உள்ளே நுழைந்ததும் இடப்புறச் சுவரில் சிவப்பு எண்கள் ஒளிரும் விகிதப் பலகை தொங்குகிறது. ரூபாய், டாக்கா, ரிங்கிட், பெசோ என்று வரிசையாக இருந்தாலும் வருகிறவர்களில் பெரும்பாலோரின் கண் முதல் வரியிலேயே நின்றுவிடும். முகப்பில் இரண்டு பேர். அவர்களில் மூத்தவரான அக்காவுக்கு வாடிக்கையாளரின் முகத்தைப் பார்த்ததும் பெறுநரின் பெயரும் வங்கியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. அனுப்பிய பணம் வேலை நாட்களில் ஒரு மணி நேரத்துக்குள் தம்பியின் கணக்கில் விழுந்துவிடுகிறது. ஏழு ஆண்டுகளில் இரண்டு முறைதான் மறுநாள் வரை இழுத்தது, இரண்டும் ஊரில் வங்கி விடுமுறை. இந்தக் கடையில் நிலைகொள்வதற்கு முன் ஒரு மாதம் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரே நாளில் ஒரே மணிக்கு ஐந்து கடைகளின் விகிதத்தைக் குறித்து ஒப்பிட்டேன். பெரும்பாலான நாட்களில் இந்தக் கடையே பத்துப் பைசா கூடுதலாகக் கொடுத்தது. மின்விசிறி ஒன்றுதான், அதுவும் முகப்புக்கு உள்ளே இருப்பவர்களைப் பார்த்துத்தான் சுழலும்.

இனி அந்த வரி. 'ஏற்றத்தாழ்வு' என்ற சொல்லைக் கேட்டால் நமக்கு நினைவுக்கு வருவது சமூக ஏற்றத்தாழ்வு, பொருளாதார ஏற்றத்தாழ்வு போன்றவை. ஒருவர் மேலே இருக்கிறார், மற்றவர் கீழே இருக்கிறார், அந்த நிலை அப்படியே நிற்கிறது. அங்கே அசைவு இல்லை, இடைவெளிதான் உண்டு. ஒரே பொருளின் அளவு இன்று ஒன்றாகவும் நாளை வேறொன்றாகவும் இருப்பதைச் சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் 'ஏற்ற இறக்கம்'. பழைய எழுத்தில் விலையின் போக்குக்கு ஏற்றத்தாழ்வு என்று எழுதியவர்கள் உண்டு என்பதால் கடைக்காரர் செய்ததை முழுப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இன்றைய வாசகருக்கு அந்த வரி, ஆளுக்கு ஒரு விகிதம் தரப்படும் என்று சொல்வதுபோல் படுகிறது. எனக்கு முன்னால் வரிசையில் நின்ற ஓர் இளைஞர் அதை அப்படியே புரிந்துகொண்டு, "ஏன்க்கா, நிறைய அனுப்புறவங்களுக்கு ஒரு ரேட்டு, எங்களுக்கு ஒரு ரேட்டா?" என்று கேட்டதை நான் காதால் கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்ல தம்பி, நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறும் எறங்கும், அதத்தான் எழுதியிருக்கு" என்றார். எழுத்தில் தவறியது பேச்சில் சரியாக வந்து விழுந்தது.

அவர் 'ஏறி இறங்கும்' என்று சொல்லாமல் 'ஏறும் இறங்கும்' என்று சொன்னதைக் கவனிக்க வேண்டும். நம் புழக்கத்திலுள்ள தமிழில் இந்தக் கருத்துக்குத் தனி வினைச்சொல் இல்லை. இரண்டு வினைகளைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, சேர்க்கும் விதத்தில் பொருள் மாறிவிடுகிறது. 'விலை ஏறி இறங்கியது' என்றால் ஒரு முறை ஏறிற்று, பிறகு இறங்கிற்று, கதை முடிந்தது. 'விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது' என்றால்தான் அது ஓயாத அசைவு, அடுத்தது எது என்று சொல்ல முடியாத அசைவு. அந்தச் சொல்ல முடியாமைதான் இதன் உயிர். கடலில் ஓதம் ஏறுவதையும் வற்றுவதையும் நிலா வளர்வதையும் தேய்வதையும் நாம் ஏற்ற இறக்கம் என்று சொல்வதில்லை. அவற்றுக்கு நாள்காட்டி இருக்கிறது. நாள்காட்டி இல்லாதவற்றுக்கே இந்தச் சொல்: தங்கத்தின் விலை, மழைக்காலத்தில் தக்காளியின் விலை, மாதம் இரண்டு முறை ஏலம் விடப்படும் வாகன உரிமைச் சான்றிதழின் கட்டணம், சர்க்கரை நோயாளியின் இரத்தச் சர்க்கரை. மருந்தகத்தில் தாதியிடம் நம்மவர்கள் "கூடிக் கூடிக் குறையுது" என்பார்கள். மருத்துவக் குறிப்பில் அது 'ஏற்ற இறக்கம்' ஆகிறது.

சிங்கப்பூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை இந்தச் சொல்லை முதன்முதலில் கேட்பது பெரும்பாலும் சந்தையில் அன்று, வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில்தான். 'ஏற்ற இறக்கத்தோடு வாசி' என்று ஆசிரியர் சொல்லும்போது அங்கே அது ஒரு நற்பண்பு. குரல் ஒரே மட்டத்தில் போனால் மதிப்பெண் குறையும். அதே பிள்ளை வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கியதும் அதே சொல் கவலைக்குரியதாகிவிடுகிறது. என் மகள் ஒரு முறை என்னுடன் கடைக்கு வந்திருந்தபோது பலகையில் எண் மாறுவதைப் பார்த்து, "அப்பா, இது ஏற்ற இறக்கத்தோட வாசிக்குது" என்றாள். எட்டு வயதில் சொன்னது, அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இலங்கைத் தமிழர்கள் இதே கருத்துக்குத் 'தளம்பல்' என்பார்கள். விலைத் தளம்பல், நாணயத் தளம்பல் என்று அவர்களுடைய செய்தித்தாள்களில் இயல்பாக வரும். எனக்கு அந்தச் சொல்மேல் ஒரு பொறாமை உண்டு. ஏற்றமும் இறக்கமும் படிக்கட்டை நினைவூட்டுகின்றன. படிக்கட்டில் அடுத்த அடி எங்கே விழும் என்று தெரியும். தளம்புவது குடத்து நீர். நடையின் வேகம், இடுப்பின் அசைவு, எதிரே வருபவரின் தோள் எல்லாம் சேர்ந்து அது எந்தப் பக்கம் சிந்தும் என்பதை முடிவு செய்கின்றன. ஒழுங்கற்ற மாற்றம் என்பதற்கு அதைவிட நெருக்கமான படம் கிடைப்பது அரிது. ஆனால் தேக்காவில் 'விகிதம் தளம்பலுக்கு உட்பட்டது' என்று எழுதி ஒட்டினால் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த தம்பிகளில் பாதிப் பேர் திகைப்பார்கள் என்பதால், கடைக்காரருக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. 'ஊசலாட்டம்' இன்னும் பொருந்தாது. ஊசல் கணக்காக ஆடுவது; மேலும், உயிர் ஊசலாடுகிறது என்று சொல்லிப் பழகிய நமக்குப் பணம் அனுப்புமிடத்தில் அந்தச் சொல் நல்ல சகுனமாக இருக்காது.

சிங்கப்பூர் டாலரான வெள்ளிக்கும் இந்திய ரூபாய்க்கும் இடையிலான விகிதம் ஏன் நிலைகொள்வதில்லை என்பதை அந்த இளைஞருக்கு யாராவது விளக்கியிருக்கலாம். உலகின் பெரும்பாலான மைய வங்கிகள் வட்டி விகிதத்தைக் கைப்பிடியாகக் கொண்டு பொருளாதாரத்தை நடத்த, சிங்கப்பூர் நாணய ஆணையம் 1981 முதல் வெள்ளியின் மாற்று விகிதத்தையே கைப்பிடியாகக் கொண்டிருக்கிறது. வணிகப் பங்காளி நாடுகளின் நாணயங்கள் அடங்கிய கூடை ஒன்றுக்கு எதிராக, வெளியே அறிவிக்கப்படாத ஒரு பட்டைக்குள் வெள்ளி ஏறவும் இறங்கவும் விடப்படுகிறது. பட்டையின் சரிவையும் அகலத்தையும் ஆணையம் அவ்வப்போது மாற்றியமைக்கிறது. அதாவது, இங்கே ஏற்ற இறக்கம் வேலிக்குள் மேயும் ஆடு. ரூபாயின் பக்கமோ, இந்திய ரிசர்வ் வங்கி இன்ன மதிப்பில் ரூபாய் நிற்க வேண்டும் என்று இலக்கு வைப்பதில்லை. மிதமிஞ்சிய ஏற்ற இறக்கத்தை மட்டுமே தடுப்பதாகச் சொல்கிறது. கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு என்பதால் எண்ணெய் விலை ஏறினால் ரூபாய் இறங்குகிறது. இரண்டு பக்கமும் அசையும் இரண்டு படகுகளுக்கு நடுவே கட்டிய கயிற்றில்தான் நம் மாதாந்தரத் தொகை நடந்து போகிறது. 2013 ஆகஸ்டில் அமெரிக்க டாலருக்கு 68 ரூபாயைத் தாண்டி ரூபாய் சரிந்து, அடுத்த சில வாரங்களிலேயே ஓரளவு மீண்டது. அந்த நாட்களில் இந்த வட்டாரத்தில் அனுப்பக் காத்திருந்தவர்களும் அனுப்பிவிட்டு வருந்தியவர்களும் எத்தனை பேர் என்பது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்.

எல்லா நாணயமும் எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதில்லை. மலேசிய ரிங்கிட் 1998 செப்டம்பரிலிருந்து 2005 ஜூலை வரை அமெரிக்க டாலருக்கு 3.80 என்று ஆணியடித்ததுபோல் நின்றது. புருணை டாலரும் சிங்கப்பூர் வெள்ளியும் 1967 முதல் ஒன்றுக்கொன்று சமமாகவே மாறிவருகின்றன. அந்த விகிதங்களுக்குப் பக்கத்தில் 'ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டது' என்று எழுதினால் அது பொய். இதை நான் சொல்வதற்குக் காரணம், கடையின் அறிவிப்பிலுள்ள பெரிய பிழை ஏற்றத்தாழ்வு என்ற சொல்லில் இல்லை, 'சேவைக் கட்டணமும்' என்பதிலுள்ள 'உம்'மில் இருக்கிறது என்று கருதுவதுதான்.

விகிதம் தானாக ஏறி இறங்குகிறது. அதற்குக் கடைக்காரர் பொறுப்பல்லர். கட்டணம் தானாக எதுவும் செய்வதில்லை. ஒருவர் உட்கார்ந்து யோசித்து அதை உயர்த்துகிறார். யாரோ செய்வதை 'மாற்றம்' அல்லது 'திருத்தம்' என்றும், யாரும் செய்யாமல் நேர்வதை 'ஏற்ற இறக்கம்' என்றும் பிரித்துச் சொல்லும் வசதி தமிழில் இருக்கும்போது, இரண்டையும் ஒரே வரியில் கட்டிவிடுவது செய்தவரை மறைக்கிறது. நான் போகத் தொடங்கியபோது ஒரு முறை அனுப்ப 4 வெள்ளி வாங்கினார்கள். பிறகு 5 ஆயிற்று, அதன்பின் 6. ஏழு ஆண்டுகளில் அது ஒரு முறையும் இறங்கவில்லை. இறங்காத ஒன்றை ஏற்ற இறக்கம் என்று அழைப்பதற்கு எந்த அகராதியும் துணைநிற்காது.

இது சொல் விளையாட்டு அன்று. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாள் காலையில் வெள்ளிக்கு 66 ரூபாய் 80 பைசாவாக இருந்த விகிதம் மாலையில் 15 பைசா கூடியது. 500 வெள்ளி அனுப்புகிறவருக்கு அந்தப் 15 பைசாவின் மதிப்பு 75 ரூபாய். அதற்காக அவர் வேலை முடிந்த களைப்போடு பலகைக்குக் கீழே முக்கால் மணி நேரம் காத்திருப்பார். நானே அப்படிக் காத்திருந்திருக்கிறேன். ஆனால் கட்டணம் 4 வெள்ளியிலிருந்து 6 வெள்ளியானதில் அவர் ஒவ்வொரு முறையும் இழப்பது ஏறத்தாழ 134 ரூபாய். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஏற்ற இறக்கத்தைவிட, யாரும் பார்க்காத அந்த ஒரு வழி ஏற்றம் அதிகமாக எடுத்துக்கொள்கிறது. 3,000 வெள்ளி அனுப்புகிறவருக்குக் கணக்கு தலைகீழ். அவருக்கு 15 பைசா 450 ரூபாய், கட்டண உயர்வு அதே 134. ஆகவே, சிறிய தொகை அனுப்புகிறவர்கள் பலகையைப் பார்ப்பதற்கு முன் கட்டணத்தைக் கேட்பது நல்லது. கேட்டால்தான் சொல்வார்கள், பலகையில் அது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு விசித்திரம். லிட்டில் இந்தியாவில் கால் வைக்க இடமில்லாத அந்த நாளில்தான் கடையில் அதிகக் கூட்டம், வரிசை சந்தின் முனை வரை நீளும். ஆனால் உலக நாணயச் சந்தை சனிக்கிழமை விடியற்காலை முதல் திங்கட்கிழமை காலை வரை மூடிக் கிடப்பதால், அன்று ஏறுவதற்கோ இறங்குவதற்கோ ஒன்றுமே இல்லை. வெள்ளிக்கிழமை இரவு நின்ற எண்ணிலிருந்து, திங்கட்கிழமை சந்தை எப்படித் திறக்குமோ என்ற அச்சத்துக்காகச் சில பைசாக்களைக் கழித்துக்கொண்டு கடைக்காரர் வைக்கும் எண்தான் அன்றைய பலகையில் இருக்கும். நான் குறித்து வைத்திருப்பதன்படி, ஞாயிறு விகிதம் முந்தைய வெள்ளிக்கிழமை மாலையைவிட 10 முதல் 20 பைசா வரை குறைவாகவே இருந்துவந்திருக்கிறது. வாரம் முழுவதும் மாறிக்கொண்டிருப்பதைக் காட்டும் பலகை, பார்ப்பதற்கு ஆள் கூடும் ஒரே நாளில் ஒருவருடைய முடிவைக் காட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. ஞாயிறு தவிர வேறு நாளில் விடுப்புக் கிடைக்காத தொழிலாளர்களிடம் இதைச் சொல்வதில் பயன் அதிகமில்லை என்பதும் தெரியும். முடிந்தவர்கள் செவ்வாய், புதனில் போகலாம்.

இனி, இந்தக் கடையை விட்டுப் போகாமல் நான் இருப்பதற்கான காரணம். விகிதம் ஏறி இறங்கக்கூடியது என்றால், வாடிக்கையாளர் அறிய வேண்டிய ஒரே செய்தி அது எந்தக் கணத்தில் எனக்காக நிற்கும் என்பது. இதற்கு முன் நான் போய்க்கொண்டிருந்த வேறொரு கடையில் பணத்தை வாங்கிக்கொள்வார்கள், படிவத்தை நிரப்பச் சொல்வார்கள், இருபது நிமிடம் கழித்து வரும் ரசீதில் பலகையில் பார்த்ததைவிட எட்டுப் பைசா குறைந்திருக்கும். கேட்டால், "ரேட்டு மாறிடுச்சுண்ணே" என்ற ஒரே பதில். அது உண்மையாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஏழெட்டு முறையில் ஒரு முறையாவது என் பக்கம் மாறியிருக்க வேண்டும் அல்லவா? ஏற்ற இறக்கம் என்பது இரண்டு பக்கமும் போகும் என்பதற்கு உறுதி தரும் சொல். ஒரே பக்கம் போவதற்கு வேறு பெயர் உண்டு.

இந்தக் கடையில் அக்கா, பணத்தைத் தொடுவதற்கு முன்பே ஒரு துண்டுச் சீட்டில் விகிதம், கட்டணம், ஊரில் கிடைக்கும் தொகை மூன்றையும் எழுதிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிடுகிறார். "பத்து நிமிஷத்துக்கு இதுதான் சார், அதுக்குள்ள ஏறினாலும் இதுதான், எறங்கினாலும் இதுதான்" என்பார். ஒரு முறை நான் சீட்டை வாங்கிக்கொண்டு தம்பியிடம் கணக்கு எண்ணைத் தொலைபேசியில் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பலகையில் ஏழு பைசா இறங்கிவிட்டது. சீட்டில் எழுதியதையே கொடுத்தார். மற்றொரு முறை ஐந்து பைசா ஏறியது. அப்போதும் சீட்டில் எழுதியதையே கொடுத்தார், நான் ஒன்றும் சொல்லவில்லை. இதைவிடத் தெளிவாக அந்தச் சொல்லுக்கு யாரும் பொருள் எழுதிவிட முடியாது. அறிவிப்பு எழுதியவர் அக்காவிடம் கேட்டு எழுதியிருக்கலாம்.

மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கிகள், அதாவது செட்டியார்களின் வட்டிக்கடைகள், இருந்த காலத்தில் நகரத்தார்கள் 'நடப்பு வட்டி' என்ற ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். காலத்துக்கேற்ப மாறும் வட்டிதான். ஆனால் 'நடப்பு' என்ற சொல், இப்போது நடந்துகொண்டிருப்பது இது, அடுத்து வேறாகலாம் என்பதை ஒரு வார்த்தையில் அடக்கிவிடுகிறது. இன்றைய பலகைகளில் 'இன்றைய விகிதம்' என்று எழுதுகிறார்கள். நாளுக்குப் பல முறை மாறுவதை 'இன்றைய' என்பது சரியில்லை. 'நடப்பு விகிதம்' என்று எழுதினால் பாதி விளக்கம் மிச்சமாகும்.

கடைக்குப் போகாமலே அனுப்பும் வழிகளும் இப்போது உண்டு. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் பணப்பரிமாற்ற முறையும் இந்தியாவின் யுபிஐ முறையும் இணைக்கப்பட்டபின், கைப்பேசியிலிருந்தே சிறு தொகைகளை அனுப்ப முடிகிறது. அங்கும் விகிதம் திரையில் தெரிந்து, உறுதிசெய்யும் கணத்தில் நின்றுவிடுகிறது. எழுத்து சிறியது என்பதைத் தவிர எனக்குக் குறை இல்லை. எங்கே அனுப்பினாலும், 2019ஆம் ஆண்டின் கட்டணச் சேவைகள் சட்டத்தின்கீழ் நாணய ஆணையத்தின் உரிமம் பெற்ற நிறுவனமா என்று ஆணையத்தின் இணையப் பட்டியலில் பார்த்துக்கொள்வதற்கு இரண்டு நிமிடம் போதும். நான் எழுதும் கடை அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று மின்விசிறிக்காக அன்று. மூன்று மாதங்களுக்கு முன், கூட்டமில்லாத ஒரு பிற்பகலில் அறிவிப்பைப் பற்றி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன். "முதலாளிகிட்ட சொல்றேன் சார்" என்றார். சென்ற வாரம் போனபோது 'ஏற்றத்தாழ்வுக்கு' என்ற சொல்லின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டி 'ஏற்ற இறக்கத்துக்கு' என்று அழகாக அச்சிட்டிருந்தார்கள். 'சேவைக் கட்டணமும்' அதே இடத்தில் இருந்தது. கட்டணம் 6 வெள்ளி 50 காசு.